பூசணி பெயரில் ஆடிய வெண்டைக்காய்

சாந்தா ருஃபினா சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கும் பேஸ்பால் திடலுக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது ஊரே கூத்தாடியது. பெட்டிக்கடையில் ரம் தீர்ந்துபோனது. ஆலைச் சங்கை நேரங்கெட்ட நேரத்தில் ஊதினார்கள், அதற்காக யாரும் யாரிடமும் திட்டு வாங்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரேதான்.

'அவர் பெயர்' என்று சொல்லிவிட்டோமே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு அவர் வெண்டைக்காய். ஒல்லியாக வளர்ந்து, உச்சியில் கொஞ்சம் வளைந்திருப்பார். வடக்கே அமெரிக்காவில் இருபது வருஷம் பந்து வீசி, பெரிய பெரிய மட்டைக்காரர்களை அழவைத்த மைதானங்களில் அவர் சில்வெஸ்த்ரே மஞ்ஞோன். ஆனால் தாய் அவருக்கு வைத்த பெயர் காசிமிரோ. சில்வெஸ்த்ரே என்பது அவருடைய தம்பி. அந்தத் தம்பி குட்டையாக, உருண்டையாக, ஆலை எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இன்றும் ஊரில் பூசணி என்ற பெயரில் நடமாடிக்கொண்டிருக்கிறார். பந்தை அவர் கையில் கொடுத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது.

இது ஊருக்கே தெரியும். ஊருக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

எங்கள் டொமினிக்கன் நாட்டில் அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பிறந்த நாளில் நாள்காட்டியில் எந்தப் புனிதர் இருக்கிறாரோ அவர் பெயர்தான். மார்ச் நான்கு என்றால் காசிமிரோ. டிசம்பர் முப்பத்தொன்று என்றால் சில்வெஸ்த்ரே. பெயரைச் சொன்னால் தேதி தெரிந்துவிடும். அதனால் ஒருவனுடைய வயதை மட்டும் தனியாக இரவல் வாங்க முடியாது. வாங்கினால் பெயரும் பிறந்தநாளும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

இரவல் வாங்கியது 1964-ல். அப்போது வெண்டைக்காய் கரும்பு ஏற்றும் கூலி. இடது கைக்காரர். ஒருநாள் ஆலை மேற்பார்வையாளர் குதிரையில் உட்கார்ந்துகொண்டு, "சோம்பேறிக் கழுதைகளா" என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். அவர் எழுபது அடி தாண்டிப் போன பிறகு ஒரு பச்சை மாங்காய் பறந்து போய் அவருடைய தொப்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. ஒரு முடி கலையவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது முப்பது பேரும் குனிந்து கரும்பு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாங்காயைப் பார்த்தவர் தொன் புருதென்சியோ. வடக்கத்திக் குழுக்களுக்கு ஆட்டக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பவர். வேறு யாரையோ பார்க்க வந்தவர், வந்த வேலையை மறந்து வெண்டைக்காயை ஆலமரம் அளவு இருந்த ஒரு மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"வயசென்ன தம்பி?"

"இருபத்தொண்ணு ஐயா."

புருதென்சியோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ, இதை நான் கேக்கவே இல்ல. பதினாறு பதினேழுன்னாத்தான் அவனுங்க கையெழுத்துப் போடுவானுங்க. இருபத்தொண்ணுன்னா கெழவன்னு திருப்பி அனுப்பிருவானுங்க. மறுபடி கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. வயசென்ன?"

வெண்டைக்காய் நன்றாக யோசித்தார். "இருபத்தொண்ணரைங்களா?"

"நாசமாப் போச்சு. வீட்டுல தம்பி யாராச்சும் இருக்கானா?"

"இருக்கான்."

"அவனுக்கு என்ன வயசு?"

"பதினாறு."

"இனிமே அது உனக்கு," என்றார் புருதென்சியோ.

வீட்டில் பூசணி வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மென்றுகொண்டே கேட்டார், "எம்பேரை எடுத்துக்கிட்டா நான் என்ன பேர்ல இருக்கறது?"

"அண்ணன் பேர் சும்மாதானே கெடக்கு, அதைப் போட்டுக்க," என்றாள் தாய். "ரெண்டே வருஷம். அங்க போயி நெலச்சுட்டான்னா பேரைத் திருப்பிக் கொடுத்துடுவான்."

ரெண்டு வருஷம் என்று போன பெயர் நாற்பத்துநாலு வருஷமாகியும் திரும்பவில்லை.

வடக்கே போன முதல் வாரத்தில் வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ விழுந்தது. எங்கள் ஊரில் கரும்புக்காட்டைக் கொளுத்தினால் கருப்புச் சாம்பல் விழும். இங்கே என்ன கரும்பு கொளுத்துகிறார்களோ, சாம்பல் வெள்ளையாக இருக்கிறதே என்று வெண்டைக்காய் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பெட்டிக்கடையில் வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார்கள். எழுதியவருக்குப் பனி என்றால் என்னவென்று தெரிந்த பிறகும் ஊர் அவரைச் சும்மா விடவில்லை. இன்றைக்கும் ஆலைப்புகை கொஞ்சம் வெளுத்துப் போனால் "வெண்டை, உங்க ஊர் சாம்பல்" என்பார்கள்.

ஆனால் பந்து என்று வந்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. அவர் ஒரு பந்து வைத்திருந்தார். நேராக, சாதுவாக வரும். மட்டைக்காரன் மனசுக்குள் சிரித்துக்கொண்டே ஓங்குவான். கடைசி நொடியில் பந்து கொழகொழவென்று மட்டைக்குக் கீழே நழுவிப் போய்விடும். எங்கள் ஊரில் அதற்கு வெண்டைக்காய்ப் பந்து என்றே பெயர். ஒரே ஆட்டத்தில் பத்தொன்பது பேரை இப்படி வெறுங்காற்றை அடிக்க வைத்து வெளியே அனுப்பினார். இருபது வருஷத்தில் இருநூற்று நாற்பத்தொரு வெற்றி. ஒவ்வொரு வெற்றிக்கும் நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று, "சில்வெஸ்த்ரே! சில்வெஸ்த்ரே!" என்று கத்தினார்கள்.

அவர் தொப்பியைக் கழற்றி அசைப்பார். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒரு கணம் திரும்பிப் பார்க்கத் தோன்றும், பூசணி பின்னால் வந்து நிற்கிறானோ என்று. அவர் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இதுதான் காரணம். அழகான பெண்கள் வந்தார்கள், பேசினார்கள். ஆனால் ஒருத்தி காதோரம் குனிந்து "சில்வெஸ்த்ரே" என்று கொஞ்சினால், இவள் தம்பியையல்லவா கூப்பிடுகிறாள் என்று அவருக்குக் கூச்சம் வந்துவிடும். எழுந்து வந்துவிடுவார்.

பூசணிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. காசிமிரோ என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்தார். காசிமிரோ என்ற பெயரில் நெரெய்தாவைக் கல்யாணமும் செய்துகொண்டார். இரண்டு பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்த அதே பாதிரியார்தான் திருமணத்தை நடத்தினார். கோயிலுக்குள் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளை பெயர் வரும் இடத்தில் எல்லாம் இருமினார். ஆக, நெரெய்தா கடவுளுக்கு முன்னால் ஒரு இருமலையும், அரசாங்கக் காகிதத்தில் மச்சினரையும் கட்டிக்கொண்டவள். சண்டை வந்தால் புருஷனிடம் சொல்வாள்: "என் சட்டப்படிப் புருஷன் வடக்க பந்து போட்டுக்கிட்டு இருக்காரு. நீ யாருய்யா என் வீட்டுல?"

ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். எதிர்க்குழு ஒன்று பொறாமையில் ஆள் அனுப்பியது. கோட்டு போட்ட ஆள், வியர்வை வழிய ஒவ்வொரு கதவாகத் தட்டி, மஞ்ஞோன் சகோதரர்களில் மூத்தவர் யார் என்று கேட்டான். மீன்காரி, முடிதிருத்துபவர், பெட்டிக்கடைக்காரர், எல்லோரும் ஒரே குரலில் பூசணியைக் காட்டினார்கள். கடைசியில் தாயிடம் போனான். அவள் வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பொய் சொல்ல மாட்டாள். ஊரே வேலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அம்மா, ரெண்டு மகன்ல பெரியவர் யாரு?"

அவள் அடுப்பிலிருந்த பானையைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "எவன் அதிகமாத் திங்கறானோ அவன்தான் பெரியவன். இந்தா, நீயே பாத்துக்க." அவள் கை காட்டிய மூலையில் பூசணி மூன்றாவது தட்டில் இருந்தார். கோட்டு போட்ட ஆள் எழுதிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. வெளியாள் முன்னால் வெண்டைக்காய் தம்பியை "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். பூசணி அண்ணனை "டேய்" போட வேண்டும். வெண்டைக்காய்க்கு அது வேப்பெண்ணெய் குடிப்பதுபோல இருக்கும். பூசணிக்கோ பாயசம். விடுமுறைக்கு அவர் ஊருக்கு வந்து, பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டால் போதும், பூசணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"டேய் தம்பி, அந்தத் தண்ணியை இங்க கொண்டா."

"இந்தாங்கண்ணே."

"ஐஸ் போட்டியா?"

"போட்டுட்டேண்ணே," என்பார் வெண்டைக்காய், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர்கள் போன பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரும்புக்காடு வரை துரத்துவார். பத்திரிகையில், 'அண்ணனுக்குப் பணிவிடை செய்யும் நட்சத்திரம்' என்று எழுதுவார்கள்.

வருஷத்தில் ஒரே ஒருநாள் மட்டும் கணக்கு நேராகும். மார்ச் நான்காம் தேதி வடக்கே பயிற்சி முகாமிலிருந்து வெண்டைக்காய் ஆலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். பூசணி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கருவியில் வாயை வைத்து, "காசிமிரோ நல்லா இருக்கணும், காசிமிரோ நூறு வருஷம் இருக்கணும்" என்று கட்டைக் குரலில் பாடுவார். தொலைபேசிப் பெண் வெளியூர்க்காரி. இந்த ஆள் தன் பிறந்தநாளுக்குத் தானே பாட்டுப் பாடிக்கொள்கிறானே என்று நினைத்து, பாவம் பார்த்து அவர் கையில் ஒரு மிட்டாய் கொடுப்பாள். பூசணி அதையும் வாங்கித் தின்றுவிடுவார்.

கடைசி வருஷம், கை ஓயும் நேரத்தில், ஒரு நிருபர் கேட்டான், முப்பத்தேழு வயதில் தோள் எப்படி இருக்கிறது என்று. "முப்பத்தேழுக்குப் பரவாயில்ல. நாப்பத்திரண்டுல என்ன ஆகும்னுதான் பயமா இருக்கு," என்றார் நாற்பத்திரண்டு வயது வெண்டைக்காய். நிருபர் சிரித்தான். ஊர் அந்தப் பேட்டியை வெட்டி முடிதிருத்தும் கடையில் ஒட்டி வைத்தது.

ஊர் திரும்பியவர் கோழி வளர்த்தார், டோமினோ ஆடினார், ஆட்டத்தில் ஏமாற்றினார். பொய்ப் பெயரைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்படியே போயிருக்கும். திடலுக்குப் பெயர் வைக்கிற பேச்சு வந்ததும்தான் அவருக்கு உள்ளே என்னவோ அரிக்க ஆரம்பித்தது. அறுபத்தைந்து வயது. வடக்கே சில்வெஸ்த்ரே, ஊரில் வெண்டை. தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். உலகத்தில் ஒரு வாய்கூட அவரைக் காசிமிரோ என்று கூப்பிடுவதில்லை. தொலைபேசிப் பாட்டும் அவர் ஊரோடு வந்த பிறகு நின்றுபோனது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், பூசணி வீட்டு முற்றத்தில் டோமினோக் கட்டைகளைக் கலைத்துக்கொண்டே வெண்டைக்காய் சொன்னார்.

"அன்னிக்கு மைக்குல உண்மையச் சொல்லிடப் போறேன்."

பூசணியின் கை நின்றது. "என்ன உண்மை?"

"நான் காசிமிரோன்னு. பலகையில என் பேரைப் போடுங்கன்னு. இனிமே எவன் என்ன பண்ணிடுவான்?"

"அப்போ என் பேரு?"

"உன் பேரை நீயே வெச்சுக்க. திருப்பிக் குடுத்துடறேன். ரெண்டு வருஷம்னுதானே வாங்குனேன்."

பூசணி எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று வெண்டைக்காய் நினைத்தார். ஒரு பிஸ்கட் டப்பாவோடு திரும்பி வந்தார். உள்ளே ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள், பத்திரிகைத் துண்டுகள், எல்லாவற்றிலும் வெண்டைக்காயின் முகம். ஆனால் பூசணியின் தடித்த விரல் முகத்தைத் தொடவில்லை. கீழே இருந்த எழுத்துகளைத்தான் தடவியது.

"இந்த ஊரைத் தாண்டி நான் எங்கயும் போகலண்ணே. என் பேரு போச்சு. கப்பல்ல போச்சு, ஏரோப்ளேன்ல போச்சு. நாப்பதாயிரம் பேர் எழுந்து நின்னு கத்துனானுங்க. என்னை எவன் கத்துவான்? எடைமேடையில நின்னு கரும்பு நிறுத்தவன் நான். இப்ப பலகையில ஏறப் போற நேரத்துல புடுங்கறியே."

"டேய், அந்தப் பேரைப் பெருசாக்குனது நான்டா."

"ஆமா, பெருசாக்குன. நான் உன் பேரைக் கெடுத்தேனா?" பூசணி டப்பாவை மூடினார். "முப்பத்தஞ்சு வருஷம், காசிமிரோ மஞ்ஞோன் எடைன்னா ஒரு கிலோ முன்னப்பின்ன இருக்காதுன்னு வெட்டுக்காரன் எல்லாம் கண்ண மூடிட்டுக் கைநாட்டு வெப்பான். ஒருநாள் லேட்டாப் போனதில்ல. குடிச்சுட்டுப் போனதில்ல. எம்பேரா இருந்திருந்தா போயிருப்பேன். அண்ணன் பேராச்சேன்னு போகல. நீ எம்பேரைப் பெருசாக்குன. நான் உம்பேரைச் சுத்தமா வெச்சிருந்தேன்."

வெண்டைக்காய் ஒரு கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரே ஒரு தடவை கேக்கணும்டா," என்றார் கடைசியில், சின்னக் குரலில். "ஜனம் என் பேரைக் கத்தி ஒரு தடவை. அவ்வளவுதான்."

உள்ளே அடுப்படியில் சலாமி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்த நெரெய்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தாள் என்பதையே யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

விழா நாளில் திடலில் எள் போட இடமில்லை. தலைநகரிலிருந்து இவெலிஸ் பென்சோ என்ற பெண் அதிகாரி வந்திருந்தார். கையில் பொடி எழுத்தில் அச்சடித்த காகிதம். வெண்டைக்காயின் சட்டைப்பையிலும் ஒரு காகிதம் இருந்தது. 'என் பெயர் காசிமிரோ' என்று தொடங்கி ஐந்து வரி, ராத்திரியெல்லாம் அடித்து அடித்து எழுதியது. பக்கத்து நாற்காலியில் பூசணி, கல்யாணக் கோட்டுக்குள் வலுக்கட்டாயமாக நுழைந்து, வியர்த்துக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். 'சில்வெஸ்த்ரே மஞ்ஞோன் திடல்.' நீல எழுத்து, ஆள் உயரம்.

வெண்டைக்காய் பலகையைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தார். பூசணியின் உதடுகள் அசைந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"இப்போது நமது மாவீரர் முதல் பந்தை வீசுவார்!" என்றார் அதிகாரி.

வெண்டைக்காய் எழுந்து மைக்கருகே போனார். சட்டைப்பையைத் தொட்டார். ஊரில் அத்தனை பேருக்கும் அந்தக் காகிதத்தைப் பற்றித் தெரியும். தொண்ணூறு தாண்டிய பாதிரியார் முன்கூட்டியே இருமத் தொடங்கிவிட்டார்.

"என் தோள் போச்சுங்க," என்றார் வெண்டைக்காய். "எனக்குப் பதிலா…" சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். "எனக்குப் பதிலா எங்க அண்ணன் காசிமிரோ போடுவாரு."

பூசணி வாயைப் பிளந்தபடி எழுந்து, உருண்டு உருண்டு நடுத்திடலுக்குப் போனார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. நெரெய்தா. நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். சட்டப்படிப் புருஷன் பெயரைக் கத்த அவளைவிட உரிமை யாருக்கு?

"காசிமிரோ!"

மீன்காரிக்குப் புரிந்துவிட்டது. முடிதிருத்துபவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் மொத்தத் திடலும் எழுந்தது. "காசிமிரோ! காசிமிரோ! காசிமிரோ!" கரும்பு வெட்டுக்காரர்கள் கத்தியால் கத்தியைத் தட்டினார்கள். ஆலைச் சங்கு ஊதியது. அதிகாரி, நடுத்திடலில் நின்ற பூசணியைப் பார்த்துக் கைதட்டினார். ஊரில் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் மைக்கருகே நின்ற ஒல்லி மனிதர் மேல்தான் இருந்தது.

பத்தொன்பது பேரை வெளியே அனுப்பிய அன்றுகூட அவர் அழுததில்லை. இப்போது அழுதார். மூக்கு ஒழுக, வெட்கமே இல்லாமல், தொப்பியைக் கழற்றி அசைத்துக்கொண்டு அழுதார். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

பூசணி பந்தைப் போட்டார். அது நான்கு அடி தள்ளி விழுந்து, கொஞ்ச தூரம் உருண்டு, புல்லில் உட்கார்ந்துவிட்டது. பிடிக்க வேண்டியவர் நடந்து வந்து குனிந்து எடுத்துக்கொண்டார். நடுவர் எங்கள் ஊர்க்காரர். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், சரியான பந்து என்று கையை உயர்த்தினார்.

பூசணி மூச்சிரைக்க மேடைக்கு ஓடி வந்தார். சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிருந்தது. மைக் அணைக்கவில்லை.

"அண்ணே! பாத்தியாண்ணே? சரியாப் போட்டேனாண்ணே?"

ஒலிபெருக்கி அதை ஆலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கத்திச் சத்தம் நின்றது. நாற்பத்துநாலு வருஷம் ஊரே கூடிக் கட்டிய பொய், ஒரு 'அண்ணே'யில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி தன் காகிதத்தைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இவர்தானே மூத்தவர்? தம்பியைப் போய் ஏன் அண்ணேங்கறாரு?"

"வெயிலுங்கம்மா," என்று நாற்காலிமேல் இருந்தே நெரெய்தா கத்தினாள். "வயசானவரை வெயில்ல ஓட விட்டா இப்படித்தான் ஆளு மாறிப் பேசுவாரு!"

பாதிரியார் பலமாக இருமினார்.

வெண்டைக்காய் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்தார். அதை விசிறியாக்கித் தம்பியின் முகத்துக்கு இரண்டு வீசு வீசினார். பிறகு, வெளியாள் முன்னால், மைக் முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னார்:

"டேய், வாய மூடிக்கிட்டு நிழல்ல உக்காரு."

பூசணி மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தார்.